ஜெசிந்தா எடுக்காத வரி

1

ஒரு பெண்ணின் கடவுச்சொல்லைக் கொண்டு, அவள் எழுதிய கணினி நிரலிலிருந்து ஒரு வரியை நீக்கினேன். அதனால் சேதம் வந்தபோது, நீக்கியது அவள்தான் என்று எல்லோரும் நம்பும்படி பேசினேன். அவள் வேலையை விட்டுப் போனாள். இது நடந்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுதக் கை வரும்.

நம் பள்ளிப் பழைய மாணவர் மலருக்கு ஆண்டுதோறும் பெங்களூர்க் குறிப்புகள் அனுப்பி வருகிறேன். குளிரைப் பற்றி எழுதியிருக்கிறேன். வீட்டுக்காரர் கன்னடத்தில் திட்டியதைப் பாராட்டு என்று நினைத்து நான் தலையாட்டியதை எழுதியிருக்கிறேன். ஆரணியிலிருந்து பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம், இதற்குப் போய் இவன் புலம்பெயர்ந்தவன் என்று பெயர் வைத்துக்கொள்கிறானே என்று நீங்கள் கேலி செய்ததும் என் காதுக்கு வந்தது. கேலி நியாயம்தான். ஆனால் அந்தத் தூரத்தில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. ஆரணியில் நான் ஒருத்தரைக் கெடுத்திருந்தால் பொழுது சாய்வதற்குள் அப்பாவின் காதுக்குப் போயிருக்கும். இங்கே செய்தது அங்கே தெரியவில்லை. ஊர் முழுக்க என்னை நல்ல பிள்ளை என்றே நினைத்திருக்க, நானும் அப்படியே வந்து போய்க்கொண்டிருந்தேன்.

2

மனைவி இறந்த பிறகு, கம்மனஹள்ளியில் மகன் முகுந்தனோடு இருக்கிறேன். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளியில் கன்னடமும் இந்தியும் எடுத்துக்கொண்டான். வீட்டில் தமிழ் எழுத்துச் சொல்லித் தருகிறேன் என்று சொல்லி நான் ஒரு சிலேட்டுகூட வாங்கினேன். 'ஊ' வரைக்கும் போனோம். அதற்குமேல் எனக்கு ஆபீஸ்.

அவனும் என் தொழிலுக்கே வந்தான். போன வருடம் வேறு கம்பெனிக்கு மாறினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தோசை சுட்டபடி, கூட வேலை செய்பவனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இல்ல மச்சா, நீ லிஸ்ட்ட வாங்கி அதுலயே டெலீட் பண்ணிருக்க. அவ்ளோதான், ஜெசிந்தா ஆயிடுச்சு." சிரித்தான். அந்தப் பக்கத்திலும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அவன் போனை வைத்ததும் கேட்டேன். "யாருடா ஜெசிந்தா?"

"யாருமில்லப்பா. எங்க ப்ராடக்ட்ல ஒரு பழைய லைப்ரரி இருக்கு. வேற கம்பெனிகிட்டருந்து வாங்கினது, எவனும் தொட மாட்டான். லிஸ்ட் குடுன்னா உள்ள இருக்கற ஒரிஜினலையே தூக்கிக் குடுத்துடும். நம்மளுதுதானேன்னு நாம ஒண்ண அழிச்சா, நெஜமாவே போயிடும். அந்த ஃபைல் மேல ஜெசிந்தான்னு பேர் இருக்கு. அதனால எங்க டேட்டா காணாமப் போனாலும் ஜெசிந்தா ஆயிடுச்சும்போம். புதுசா சேர்றவங்களுக்கு மொத நாளே சொல்லிக் குடுத்துடுவாங்க. செம ஜோக்பா."

"அவங்க யாருன்னு யாருக்காவது தெரியுமா?"

"யாரோ லூசு. விடுங்கப்பா, தோசை ஆறுது."

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் அவளை மறந்திருந்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது எப்போதோ முடிந்துபோன விஷயம் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. முகம் தெரியாத பிள்ளைகள் தினமும் அவள் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதில் ஒருவன் என் பிள்ளை.

3

அந்த லைப்ரரி என்ன என்று சொல்லிவிடுகிறேன். நிரல் எழுதுகிறவர்களுக்குப் பொருள்களைச் சேர்த்து வைக்கப் பாத்திரங்கள் வேண்டும். வந்த வரிசையில் வைக்க ஒன்று, ஒரே பொருள் இரண்டு முறை வராமல் வைக்க ஒன்று, பெயரைச் சொன்னால் அதற்குரியதை எடுத்துத் தர ஒன்று. ஆளாளுக்கு இதைத் தனித்தனியாகச் செய்துகொள்ளாமல், ஒருமுறை நன்றாகச் செய்து எல்லோருக்கும் கொடுப்பது எங்கள் வேலை. கலெக்‌ஷன் கிளாஸ் என்போம். நாங்கள் ஐந்து பேர். நான் குழுத் தலைவன். ஜெசிந்தா எல்லோரிலும் இளையவள், பெங்களூர் லிங்கராஜபுரத்துப் பெண், தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள்.

எழுதியதைவிடப் பேசியது அதிகம். இல்லாத ஒன்றைக் கேட்டால் பாத்திரம் வெறுமனே இல்லை என்று சொல்ல வேண்டுமா, பிழை என்று கத்த வேண்டுமா? இதற்கே ஒரு வாரம் போனது. எதைச் சேர்ப்பது என்பதில் தகராறு வராது, எதை விடுவது என்பதில்தான் வரும். ஒரு வசதியைக் கொடுத்துவிட்டால் பிறகு பிடுங்க முடியாது.

ஜெசிந்தாவின் வாதம் ஒன்றுதான். "உள்ள என்ன இருக்குன்னு கேட்டா காப்பி எடுத்துக் குடுக்கணும் சார். அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் கேட்டா டீச்சர் ஒரிஜினலத் தூக்கிப் பசங்க கைல குடுப்பாங்களா? அவனவன் வந்து கோடு போட்டுட்டுப் போயிடுவான்."

"காப்பி எடுத்தா ஸ்லோ ஆகும்மா."

"ஸ்லோவாச்சும் இருக்கும். இல்லன்னா இல்லாமயே போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. என் அப்பா ஆரணிப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். மூலப் புத்தகத்தை அவர் யார் கையிலும் கொடுக்க மாட்டார். ஒருமுறை உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் வீட்டுக்கே வந்து, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார். "நகல் போட்டுத் தரேன், வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார் அப்பா. அவர் பேசியதைத்தான் இந்தப் பெண் பேசினாள். அவள் சொல்வது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். அவள் கேட்டபடியே அந்த வரி சேர்ந்தது: கொடுப்பதற்கு முன் நகல் எடு.

4

அந்த நாளில் ஒருவர் ஒரு கோப்பை எடுத்து வேலை செய்தால், மற்றவர்கள் அதைத் தொட முடியாதபடி அது பூட்டிக்கொள்ளும். பூட்டியவர் லீவில் போனால் எல்லோருக்கும் வேலை நின்றுவிடும். அதனால் லீவில் போகிறவர்கள் கடவுச்சொல்லைத் துண்டுத்தாளில் எழுதி மடித்து, குழுத் தலைவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். கூடாத காரியம்தான். எல்லா ஆபீசிலும் நடந்தது.

ஜெசிந்தாவின் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. நான்கு நாள் லீவு. "வந்ததும் பாஸ்வேர்ட மாத்திடுவேன் சார், இப்பவே சொல்லிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே தாளைக் கொடுத்தாள்.

அந்த வாரம் வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்தார். கிடங்குகள் வைத்து நடத்துகிறவர். வேகத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றார். அவருக்குக் காட்டுவதற்கு முதல் நாள் மாலை நிரலை ஓட்டிப் பார்த்தேன், மெதுவாகத் தடவியது. காரணம் அந்த நகல்தான். இதற்கு வேறு வழியும் இருந்தது. நகலும் இல்லாமல், மூலமும் இல்லாமல், பார்க்க மட்டும் விடுகிற ஒரு ஜன்னல்போல அமைக்கலாம் என்று ஜெசிந்தாவே சொல்லியிருந்தாள். அதற்கு மூன்று நாள் வேண்டும். எனக்கு ஒரு மாலைதான் இருந்தது.

அவளுடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அவள் பெயரில் நுழைந்து, அந்த வரியை எடுத்தேன். நிரல் பறந்தது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுதியவர் பெயரும், அதன்கீழே யார் எப்போது எதை ஏன் மாற்றினார்கள் என்ற பட்டியலும் இருக்கும். ஒரு எழுத்தை மாற்றினாலும் அங்கே பதிய வேண்டும் என்று விதி போட்டவனே நான். நான் பதியவில்லை.

மறுநாள் வாடிக்கையாளர் கை குலுக்கினார். ஜெசிந்தா லீவு முடிந்து வந்தாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் சண்டை போட்டு அந்த வரியைத் திரும்ப வைப்பாள். கொஞ்சம் ஆறட்டும், நானே வைத்துவிடலாம் என்று இருந்தேன். பிறகு எனக்குப் பதவி உயர்வு வந்தது.

5

ஏழெட்டு மாதம் கழித்து அந்தக் கிடங்குகளில் ஆர்டர்கள் காணாமல் போகத் தொடங்கின. அங்கே நிரல் எழுதிய யாரோ ஒருவர் பட்டியலை வாங்கி, தன் வேலைக்கு வேண்டாததை அழித்துக்கொண்டிருந்தார், தன் கையில் இருப்பது நகல் என்ற நம்பிக்கையில். லாரிகள் வெறுமனே நின்றன. எங்கள் மேலாளர் எல்லோரையும் ஒரு அறையில் உட்கார வைத்தார்.

இடையில் புதிய சர்வருக்கு மாறியிருந்தோம். அந்த மாற்றத்தில் பழைய தேதிகள் எல்லாம் அழிந்து, கடைசியாகத் தொட்டவர் பெயர் மட்டும் தங்கியிருந்தது.

"ஏன் ஜெசிந்தா, நீங்களே சண்டை போட்டு வெச்ச லைன நீங்களே எடுத்தீங்களா?" என்று கேட்டார் மேலாளர்.

"எடுத்த மாதிரி ஞாபகம் இல்ல சார்."

"லாகின் உங்களுது. பின்ன யார் எடுத்தாங்க, பேயா?"

யாரோ சிரித்தார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள். என்மேல் சந்தேகப்பட்டுத் திரும்பவில்லை. தனக்கு ஞாபகம் இல்லாதது எனக்காவது இருக்கும் என்ற நம்பிக்கையில் கேட்டாள்: "சார், நான் எடுத்தேனா?"

நான் சொன்னேன்: "ரெக்கார்டுல உன் பேர்தாம்மா இருக்கு."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அப்படி ஒரு வாக்கியத்தை அந்த நேரத்தில் என்னால் தேடி எடுக்க முடிந்தது என்பதுதான் இன்றுவரை எனக்குக் கூசுகிறது.

அவளை வேறு குழுவுக்குத் தூக்கினார்கள். இரண்டு மாதத்தில் ராஜினாமா செய்தாள். கடைசி நாளில் என்னிடம் வந்து, "உங்களுக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துட்டேன், சாரி சார்" என்றாள். பரவாயில்லை என்றேன். என் மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

6

முகுந்தனிடம் சொல்ல மூன்று நாள் ஆனது. சொன்னதும் அவன் உடனே கோபப்படவில்லை. லேப்டாப்பைத் திறந்து, அந்தக் கோப்பை எடுத்து என் முன்னால் திருப்பி வைத்தான்.

"இதுவாப்பா?"

தலைப்பில் அவள் பெயர், கீழே என் விதிப்படி வைத்த பட்டியல். என் விரல் பட்ட இடத்தில் ஒன்றும் இல்லை.

"ஆறு மாசமா நான் இந்தப் பேரச் சொல்லிச் சிரிச்சிட்டு இருக்கேன். போன வாரம் புதுசா சேர்ந்த ஒரு ஃப்ரெஷர் பொண்ணு தப்புப் பண்ணா, 'வெல்கம் ஜெசிந்தா'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். அந்தப் பொண்ணு அழுதுடுச்சு." லேப்டாப்பை மூடினான். "உங்களுக்கு இப்ப என்னப்பா பண்ணணும்?"

அதன்பின் பல நாள் என்னோடு அளந்துதான் பேசினான். ஆனால் அந்த லைப்ரரியோடு வந்த பழைய ஊழியர் விவகாரங்களையும் அவன் கம்பெனியில் பார்க்கிற பிரிவின் முகவரியை மட்டும் எழுதிக் கொடுத்தான். எழுதிப் போட்டேன். ஒரு படிவம் வந்தது: புகாரின் வகை என்ன? அனுபவச் சான்றிதழ், வருங்கால வைப்பு நிதி, சம்பளச் சீட்டு, இதர. 'இதர' என்று குறித்தேன். ஒரு பெண் போன் செய்தாள். கோயம்புத்தூர்ப் பேச்சு.

"சாருங்களா? யாரு மேலங்க சார் கம்ப்ளெயிண்ட்டு?"

"என் மேலம்மா."

"இல்லீங்க, கம்ப்ளெயிண்ட் குடுக்கறது நீங்கதானுங்களே?"

"ஆமா. குடுக்கறதும் நான்தான்."

"எத்தன வருஷத்துக்கு முந்திங்க சார்?"

"இருபத்து நாலு."

"அய்யோ, அப்ப நான் எல்.கே.ஜி.ங்க சார்."

பிறகு யாரையோ கேட்டுவிட்டு வந்து, கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும் என்றாள். "அந்த மேடத்தோட சம்மதமும் வேணுங்க. அவங்க பேரு வருதுங்கல்ல?"

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெண் அப்படிக் கேட்டிருக்காவிட்டால் நான் ஜெசிந்தாவைப் போய்ப் பார்த்திருக்க மாட்டேன். பெயரைத் திருத்திவிட்டு, அவளுக்குத் தெரியாமலேயே நல்லவனாகிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

7

லிங்கராஜபுரத்தில் வீடு மாறவில்லை. முன்பக்கத்தில் அவள் தம்பி வின்சென்ட் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அவள் ஒரு பள்ளி அலுவலகத்தில் சான்றிதழ்கள் எழுதும் வேலையில் இருக்கிறாளாம். நிரல் பக்கமே பிறகு போகவில்லை.

என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்தாள். "தணிகாசலம் சார்! வாங்க வாங்க. முடியெல்லாம் எங்க சார் போச்சு? டேய் வின்சென்ட், எங்க டீம் லீடர்டா. காபி சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் காபி வந்துவிட்டது. அதைக் குடித்துவிட்டுத்தான் சொன்னேன். அந்த வரிசையையும் இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

துண்டுத்தாளில் தொடங்கி, அன்றைக்கு அந்த அறையில் சொன்ன வாக்கியம் வரை சொன்னேன். கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். அவளுக்கு முன்பும் அந்தப் பழக்கம் உண்டு, எதையும் இரண்டு முறை படிப்பாள்.

"கவனக்குறைவால் பதிய மறந்துவிட்டேன்னு போட்ருக்கீங்க."

"ஆமாம்மா."

"மறந்தீங்களா சார்?"

ஒர்க்‌ஷாப்பில் ஒரு வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அது நிற்கும் வரை காத்திருந்தாள்.

"இல்ல" என்றேன். "பதிஞ்சா நீ பார்ப்பேன்னு பதியல."

"அப்ப அத அடிங்க." பேனாவை எடுத்துக் கொடுத்தாள். "பக்கத்துல கையெழுத்துப் போடுங்க."

அடித்தேன். மேலே 'தெரிந்தே பதியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்து நான்கு வருடமும் எனக்கு நானே மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லிவந்திருந்தேன். அன்று அவள் கேட்டபோதுதான் அதுவும் பொய் என்று என் வாயில் வந்தது.

"அன்னிக்கு நான் எங்க இருந்தேன் சார்?"

"உங்கப்பாவுக்குக் கண் ஆபரேஷன். லீவுல இருந்தே."

"அந்த நாலு நாள்லயா?"

"ஆமா."

"அப்போ நான் ஆபீஸ்லயே இல்ல."

"இல்ல."

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். "டேய் வின்சென்ட்."

"இன்னாக்கா?"

"நான் ஆபீஸ்லயே இல்லடா. அப்பா கூட ஆஸ்பத்திரில இருந்திருக்கேன்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கை துடைக்கும் துணியோடு என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது குரல் வேறாக இருந்தது.

"லைன எடுத்ததுல எனக்குப் பெருசா கோவம் இல்ல. டெமோ, டென்ஷன், எனக்கும் தெரியும். ஆனா நான் எடுத்தேனான்னு உங்களத்தான சார் கேட்டேன்? அந்த ரூம்ல உண்மை தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். நீங்க அப்படிச் சொன்னதும், சரி, நான்தான் எடுத்திருக்கேன், எடுத்துட்டு மறந்திருக்கேன்னு நம்பிட்டேன். எடுத்தத மறக்கற ஆளு இந்த வேலைக்கு லாயக்கில்லன்னு நானேதான் எழுதிக் குடுத்துட்டு வந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லல."

நான் மன்னிப்பு என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் வேணாம். சம்மதம் கேட்டீங்கல்ல, தரேன். ஆனா பேர எடுக்கக் கூடாது. எழுதினது நான்தான். நான் எழுதின லைன இருந்த இடத்துல வெக்கச் சொல்லுங்க."

8

வைக்க முடியவில்லை. முகுந்தன் தன் மேலாளரிடம் பேசி அனுமதி வாங்கி, அந்த வரியைத் திரும்பச் சேர்த்து ஓட்டிப் பார்த்தான். நிரல் பத்துப் பதினைந்து இடங்களில் உடைந்து விழுந்தது. இத்தனை வருடத்தில் வந்தவர்கள், மூலம் கைக்கு வரும் என்று தெரிந்தே அதை நம்பித் தங்கள் நிரலைக் கட்டியிருந்தார்கள். என் தவறின்மேல் பலர் குடியேறிவிட்டார்கள். லைப்ரரி எழுதுவதில் இதுதான் சங்கடம். சொந்த வீட்டில் செய்த பிழையை இடித்துக் கட்டலாம். ஊருக்குக் கொடுத்ததை அப்படி இடிக்க முடியாது.

கடைசியில் அவன் பழையதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கிளாஸ் எழுதினான். ஜெசிந்தா அன்று சொன்ன ஜன்னல் முறைதான். அதன் தலைப்பில், வடிவமைத்தவர் என்று அவள் பெயரைப் போட்டான். பழைய கோப்பில் இருந்த அவள் பெயருக்குக் கீழே, பட்டியலில் விடுபட்ட இடத்தில் ஒரு வரி சேர்ந்தது: நகல் எடுக்கும் வரியை நீக்கியவர் தணிகாசலம், ஜெசிந்தாவின் அனுமதியின்றி, அவர் விடுப்பில் இருந்தபோது. ஆபீசில் இன்னும் சிலர் பழைய பழக்கத்தில் அவள் பெயரைத்தான் சொல்கிறார்களாம். அவர்களிடம் ஒவ்வொரு முறையும் முகுந்தன் சொல்கிறான், அது எங்கப்பா என்று. அப்படிச் சொல்வது அவனுக்கு எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. தமிழ் படிக்கத் தெரியாதவன் என்பதால் இந்தக் குறிப்பை அவனுக்கு மறைத்திருக்கலாம். முழுதும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "ஃப்ரெஷர் பொண்ணு அழுததையும் விட்டுடாதீங்க" என்றான்.

இரண்டு கோப்புகளின் தலைப்புப் பக்கங்களையும் அச்செடுத்து எடுத்துக்கொண்டு போன வாரம் லிங்கராஜபுரம் போனேன். ஜெசிந்தா பள்ளிக்குப் போயிருந்தாள். வின்சென்ட் ஒரு ஸ்கூட்டரின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தான். என்னை உள்ளே கூப்பிடவில்லை.

"நீங்க வந்தா பேப்பர வாங்கி வெக்கச் சொன்னா" என்று கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டான். புரட்டிப் பார்த்தான். அக்காவின் பெயர் இருந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதன்மேல் விரலை வைத்தான்.

எனக்கு அவனிடம் ஏதாவது கேட்க வேண்டும்போல இருந்தது. "அக்கா எப்படி இருக்கா?" என்றேன்.

"அந்த வேலைய விட்டதுலருந்து டெய்லி வீட்டப் பூட்டிட்டு பஸ் ஸ்டாப் போவா. போயிட்டுத் திரும்பி வந்து பூட்ட இழுத்துப் பாப்பா. மறுபடி போவா, மறுபடி வருவா. மூணு தடவ. மழையா இருந்தாலும் மூணு தடவ. இந்தத் தெருவுல சின்னப் பசங்ககூடச் சிரிக்கும். எங்கப்பா சாகற வரைக்கும், ஏன்மா இப்படி ஆயிட்டேன்னு கேட்டுட்டே இருந்தாரு. இந்த வாரம் ஒரு தடவதான் வந்து பாத்தா சார். ஒரே தடவ."

என் முகம் என்னை அறியாமல் கொஞ்சம் தெளிந்திருக்க வேண்டும். அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"ஒண்ணு ஆனது உங்களாலன்னு நெனச்சிட்டுப் போயிடாதீங்க" என்றான். "மூணு ஆனதுதான் உங்களால."

சரிப்பா என்றேன். அவன் தாள்களை எண்ணெய் படாத உயரத்தில் ஒரு அலமாரியில் வைத்துவிட்டு, குனிந்து வேலையைத் தொடர்ந்தான்.